புது ஜிஎம்முக்கும் கேம் எழுதுபவருக்கும் உண்மையிலேயே கைகொடுத்தவை எவை?

மழைமேசை

வணக்கம். கோவையில் நாங்கள் ஆறு பேர். ஒன்றரை வருடமாக ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடி வந்தோம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் கேம். எங்களுக்குக் கதையை நடத்தும் கேம் மாஸ்டராக, அதாவது ஜிஎம்மாக இருந்தவர் வேலை மாற்றலாகி வெளியூர் போய்விட்டார். அவர் நாற்காலியில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன வாரம் முதல் செஷன். நான்கு ராத்திரி கண்விழித்து 14 பக்கம் எழுதி வைத்திருந்தேன். மலையடிவாரத்தில் ஒரு கிராமம். எண்ணெய்ச் செக்கு வைத்திருப்பவர் கொலையாகிக் கிடக்கிறார். கொன்றது அவருடைய கணக்குப்பிள்ளை. அதற்கு ஆதாரம் ஒரு கடிதம். கடிதம் பூட்டிய பெட்டியில், பெட்டி கட்டிலுக்கு அடியில். நான்கு பேரில் ஒருவர்கூடக் குனிந்து பார்க்கவில்லை. ஒன்றரை மணி நேரம் ஊரில் இருந்த அத்தனை பேரையும் விசாரித்தார்கள். கடைசியில் ஒரு தோழி, "இங்கே ஒன்றும் இல்லை போலிருக்கிறதே, வேறு ஊருக்குப் போகலாமா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

இணையத்தில் தேடினால் நூறு தளம், இருநூறு தளம் என்று பட்டியல் பட்டியலாக வருகிறது. எனக்குப் பட்டியல் வேண்டாம். எதைப் படித்த பிறகு அடுத்த வாரமே உங்கள் மேசையில் ஏதோ ஒன்று மாறியது? அதை மட்டும் சொல்லுங்கள்.

இன்னொரு ஆசையும் இருக்கிறது. தமிழிலேயே ஆடக்கூடிய ஒரு சின்ன கேம் எழுத வேண்டும். விதிகளை எங்கிருந்து எடுக்கலாம், எங்கே கை வைக்கக் கூடாது என்று தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இருபதுமுகம்

உங்கள் கட்டிலடிப் பெட்டிக்கு மருந்து ஏற்கெனவே இருக்கிறது. ஜஸ்டின் அலெக்சாண்டர் என்பவர் 'தி அலெக்சாண்ட்ரியன்' என்ற வலைப்பதிவில் 2008ல் எழுதிய 'மூன்று துப்பு விதி'. விஷயம் இவ்வளவுதான்: ஆட்டக்காரர்கள் ஒரு முடிவுக்கு வந்தே ஆக வேண்டும் என்றால், அந்த முடிவைக் காட்டும் துப்புகள் குறைந்தது மூன்று இருக்க வேண்டும்.

படிக்கும்போது சாதாரணமாகத் தெரியும். ஆனால் ஜிஎம்முக்கு விடை முன்பே தெரியும், அதனால் ஒரு துப்பே அவருக்குப் பளிச்சென்று தெரிகிறது. எதிரே இருப்பவர்களுக்கு அப்படி இல்லை. ஒன்று அவர்கள் கண்ணில் படாது. ஒன்று கண்ணில் பட்டும் பெரிதாகத் தோன்றாது. மூன்றாவது இருந்தால்தான் கதை நகரும்.

உங்கள் செக்குக் கதையையே எடுத்துக்கொள்வோம். வர வேண்டிய முடிவு, கணக்குப்பிள்ளைதான் கொன்றார் என்பது. கடிதம் இருக்கட்டும், அது முதல் துப்பு. இரண்டாவது, கணக்குப் புத்தகம். கடைசி மூன்று மாதத்துக் கணக்கும் ஒரே மையில், ஒரே கை ஓட்டத்தில் இருக்கிறது. தினம் தினம் எழுதியதாகத் தெரியவில்லை, ஒரே ராத்திரியில் உட்கார்ந்து எழுதியது போல இருக்கிறது. மூன்றாவது, செக்கடிக் கதவுக்குச் சாவி இரண்டே இரண்டு. ஒன்று செத்தவர் இடுப்பிலேயே இருக்கிறது. இப்போது புத்தகத்தைப் புரட்டுபவரும் பிடிப்பார், பிணத்தைச் சோதிப்பவரும் பிடிப்பார், அறையைக் குடைபவரும் பிடிப்பார். நான்காவதாக ஒன்று வேண்டுமென்றால், கொலை நடந்த ராத்திரி செக்கு சுற்றும் சத்தம் கேட்டதாகப் பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்லட்டும். மாடு அன்றைக்கு லாடம் கட்டப் போயிருந்தது என்று மாடு மேய்க்கும் பையன் சொல்லட்டும். இரண்டு பேரையும் விசாரித்தவர்களுக்கு மட்டும் அது தட்டுப்படும்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. மூன்று துப்பு என்பது காட்சிக்கு மூன்று இல்லை, முடிவுக்கு மூன்று. "அடுத்து எங்கே போக வேண்டும்" என்பதும் ஒரு முடிவுதான். அதற்கும் மூன்று வழி வேண்டும். இதையே வளர்த்து, இடங்களையும் ஆட்களையும் முடிச்சுகளாக வைத்து, ஒவ்வொரு முடிச்சிலிருந்தும் மற்ற முடிச்சுகளுக்குத் துப்பு இழுப்பதைப் பற்றி அவர் ஒரு நீண்ட தொடர் எழுதியிருக்கிறார். அதைப் படித்த அன்று நான் கதைச் சுருக்கம் எழுதுவதை நிறுத்தினேன். இப்போது எழுதுவதெல்லாம் யாருக்கு என்ன வேண்டும், யார் யாருக்குப் பயப்படுகிறார்கள், யாரும் தலையிடாவிட்டால் நாளைக்கு என்ன நடக்கும், இவ்வளவுதான். இவருடைய எழுத்து 2023ல் புத்தகமாகவும் வந்தது. வலைப்பதிவு இலவசம், அதுவே போதும்.

துப்பைப் பகடைக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள் என்பது இன்னொன்று. துப்பறியும் கதைகளுக்காக ராபின் லாஸ் உருவாக்கிய 'கம்ஷூ' என்ற விதித் தொகுப்பின், அதாவது சிஸ்டத்தின் உயிரே இதில்தான். சரியான இடத்தில் சரியான திறமையோடு தேடினால் முக்கியத் துப்பு கிடைத்தே தீரும், உருட்டவே வேண்டாம். நீங்கள் எந்த சிஸ்டம் ஆடினாலும் இந்த ஒரு பழக்கத்தைக் கடன் வாங்கலாம்.

கொல்லிச்சாரல்

மேலே சொன்னதை முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாரம் முழுக்க வேலைக்குப் போய்விட்டு சனிக்கிழமை ராத்திரிதான் நோட்டைத் திறக்கிறேன் என்றால், முடிச்சு வலையெல்லாம் போட நேரம் இருக்காது. என்னைக் காப்பாற்றியது மைக் ஷேயின் 'ஸ்லை ஃபிளரிஷ்' தளம். 2018ல் வந்த அவருடைய புத்தகத்தில் தயாரிப்புக்கு எட்டுப் படி சொல்கிறார். கதாபாத்திரங்களை ஒருமுறை நினைத்துப் பார், வலுவான தொடக்கம் ஒன்று யோசி, வரக்கூடிய காட்சிகளைக் கோடு போட்டு வை, ரகசியங்களையும் துப்புகளையும் எழுது, இடங்கள், ஆட்கள், எதிரிகள், கிடைக்கும் மாயப் பொருள்கள். எட்டையும் ஒவ்வொரு வாரமும் செய்யத் தேவையில்லை. நான் முதலாவது, இரண்டாவது, நான்காவது மூன்றையும் விடவே மாட்டேன்.

நான்காவதுதான் தங்கம். பத்து ரகசியம் எழுத வேண்டும், ஒவ்வொன்றும் ஒரே வரி. அது எங்கே கிடைக்கும், யார் சொல்வார்கள் என்று எழுதக் கூடாது. ஆட்டத்தின் நடுவே அவர்கள் எந்தக் கிணற்றடிக்குப் போகிறார்களோ, யாரிடம் பேச்சுக் கொடுக்கிறார்களோ, அங்கே பொருந்துவதை எடுத்து வைக்க வேண்டும். போன சனிக்கிழமை என் நோட்டில் இருந்த சில வரிகள்:

தலைவரின் மகன் ஒரு வருடமாக இடது கையால் சாப்பிடுகிறான், யாரும் காரணம் கேட்பதில்லை.
பழைய மதகைத் திறந்தால் ஏரிக்கு அடியில் படிக்கட்டு தெரியும்.
உப்பு வண்டிக்காரர்கள் இந்த ஊரில் ராத்தங்குவதை நிறுத்தி மூன்று மாதமாகிறது.
கோட்டைக் காவலர்களில் ஒருவருக்கு நிழல் விழுவதில்லை.

இதில் மதகு ரகசியம் ஏரிக்கரையில்தான் வரும் என்று நினைத்திருந்தேன். அவர்கள் ஏரிப் பக்கமே போகவில்லை. சத்திரத்தில் ஒரு கிழவரோடு தாயம் ஆடப் போனார்கள். கிழவர் ஒரு காலத்தில் மதகு காவல்காரர் என்று அந்த நொடியில் முடிவு செய்தேன். இடத்தோடு கட்டி வைத்திருந்தால் அந்த வரி வீணாகப் போயிருக்கும்.

பயன்படுத்தாத ரகசியங்கள் அடுத்த வாரத்துக்கு வரும் என்று சேர்த்து வைக்க வேண்டாம். கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாகப் பத்து எழுதுங்கள், கை பழகிவிடும். இந்த முறைகளையும் அட்டவணைகளையும் அவர் ஓர் ஆவணமாகத் தொகுத்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பொதுவில் விட்டிருக்கிறார். நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கும் அது பொருந்தும்.

மழைமேசை

இருபதுமுகம் அண்ணா, அந்த மை விஷயத்தைப் படித்ததும் உடம்பு சிலிர்த்தது. இந்த ஞாயிறு அதே ஊர்தான், அதே கொலைதான். "வேறு ஊருக்குப் போகலாமா" என்று கேட்டவளிடம் இன்னும் ஒரு வாரம் இருப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஒரு சந்தேகம். மேசையில் ஆள் வைத்துப் பழகுவதற்கு முன்னால் தனியாகப் பழக வழி இருக்கிறதா? மேசையில் தடுமாறினால் நான்கு பேருடைய ஞாயிற்றுக்கிழமையும் போகிறதே என்று மனசு கேட்கவில்லை.

செவ்வரளி

இருக்கிறது, காசும் கிடையாது. ஷான் டாம்கின் எழுதிய 'அயர்ன்ஸ்வோர்ன்'. 2018ல் வந்தது, பிடிஎஃப் இலவசம். தனியாகவும் ஆடலாம், ஜிஎம் இல்லாமல் சேர்ந்தும் ஆடலாம், ஜிஎம் வைத்தும் ஆடலாம். ஓர் ஆறுமுகப் பகடையோடு உங்கள் திறனைக் கூட்டி, இரண்டு பத்துமுகப் பகடைகளோடு ஒப்பிட வேண்டும். இரண்டையும் தாண்டினால் முழு வெற்றி, ஒன்றைத் தாண்டினால் அரை வெற்றி, இரண்டையும் தாண்டாவிட்டால் வினை வந்து சேரும்.

அதில் உள்ள குறி கேட்கும் அட்டவணைதான் ஜிஎம்முக்குப் பயிற்சி. "கதவுக்குப் பின்னால் காவல் இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும். எவ்வளவு வாய்ப்பு என்று முதலில் நாமே தீர்மானிக்க வேண்டும். பெரும்பாலும் இருக்கும் என்று நினைத்தால் 100க்கு உருட்டி 26 அல்லது அதற்கு மேல் வந்தாலே ஆம். பாதிக்குப் பாதி என்றால் 51 அல்லது அதற்கு மேல். அநேகமாக இருக்காது என்றால் 76 அல்லது அதற்கு மேல் வர வேண்டும். நான் இரண்டு மாதம் ராத்திரி படுக்கப் போகும் முன் அரைமணி நேரம் இதை ஆடினேன். எதிர்பாராத பதில் வந்ததும் அதை வைத்துக் கதையை ஓட்டுவதற்கு மூளை பழகிவிட்டது. மேசையில் ஆட்டக்காரர்கள் திடீரென்று தடம் மாறினால் இப்போது பதறுவதில்லை.

வேறு சில, சுருக்கமாக. யோகாய் கால் எழுதிய 'கெய்ர்ன்' சின்னப் புத்தகம், விதிகள் ஒரே உட்காரலில் படித்து முடிக்கலாம். பாத்ஃபைண்டர் என்ற கேமை ஆடுபவர்களுக்கு 'ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெத்திஸ்' தளத்தில் விதிகள் முழுவதும் அதிகாரபூர்வமாகவே இலவசம். கெவின் கிராஃபோர்டின் 'வேர்ல்ட்ஸ் விதௌட் நம்பர்', 'ஸ்டார்ஸ் விதௌட் நம்பர்' இரண்டுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. அவற்றின் விதிகளை ஆடாவிட்டாலும் பரவாயில்லை, உலகம் கட்டுவதற்கான அட்டவணைகளுக்காகவே தரவிறக்கி வைக்க வேண்டும். ஒரு நாடு, ஒரு மதம், ஓர் இடிந்த ஊர் எதை எடுத்தாலும் அதிலிருந்து உடனே ஒரு சிக்கல் முளைக்கும்படி அட்டவணை போட்டிருக்கிறார். அழகுக்காக ஒரு வரிகூட இல்லை.

வரைபடத்துக்கு வாட்டபூவின் நகர ஜெனரேட்டர். பொத்தானை அமுக்கினால் மதில், ஆறு, தெருவோடு ஊர் வந்து நிற்கும். பேரும் புதையலும் அவசரத்துக்கு வேண்டுமென்றால் 'டோன்ஜான்'.

எட்டாங்கட்டம்

கேம் எழுத ஆசை என்று சொன்னீர்களே, அதற்கு வருகிறேன். முதலில் திறக்க வேண்டியது 'எனிடைஸ்'. பகடைகளை எழுதிக் கொடுத்தால் எந்த எண் எத்தனை சதவீதம் விழும் என்று படம் போட்டுக் காட்டும் தளம். பகடைதான் உங்கள் கேமின் குணம் என்பதை நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

இருபதுமுகப் பகடையில் எல்லா எண்ணும் 5 சதவீதம். ஒன்று கூட்டினால் எப்போதும் 5 சதவீதம் ஏறும். அதன் முகம் தட்டையானது, திடீர் திடீரென்று ஏமாற்றும், திடீரென்று தூக்கியும் விடும். இரண்டு ஆறுமுகப் பகடை போட்டால் மொத்தம் 36 வழி, 7 மட்டுமே 6 வழியில் வரும். நடுவில் குவியும்.

வின்சென்ட் பேக்கரும் மெகுவே பேக்கரும் 2010ல் வெளியிட்ட 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' இந்தக் குவியலை வைத்தே கட்டியது. 6 வரை வந்தால் ஜிஎம் கை ஓங்கும், 7 முதல் 9 வரை வெற்றிதான் ஆனால் விலை உண்டு, 10 அல்லது அதற்கு மேல் முழு வெற்றி. கூட்டல் எதுவும் இல்லாதபோது 36ல் 15, 15, 6. ஒன்று கூட்டினால் 10, 16, 10. இரண்டு கூட்டினால் 6, 15, 15. நடு எண்ணைப் பாருங்கள்: 15, 16, 15. கதாபாத்திரம் வளர்ந்து கூட்டல் இரண்டு வரை ஏறினாலும் "கிடைத்தது, ஆனால்..." என்ற பதில் ஐந்தில் இரண்டு முறைக்கு மேல் வந்துகொண்டே இருக்கும். கதை ஓயாமல் ஓடுவதற்குக் காரணம் அந்த ஒரு எண். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம் ஒரு நாள் வீட்டுப் பரணில் இருந்த பித்தளைத் தாயக்கட்டையை எடுத்து அதே கணக்கைப் போட்டேன். கட்டைக்கு நான்கு பக்கம்: ஒரு புள்ளி, இரண்டு, மூன்று, ஒன்று வெறுமை. இரண்டு கட்டை, மொத்தம் 16 வழி. எங்கள் வீட்டு வழக்கப்படி இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. தாயம் 2 வழியில் வரும், இரண்டு 3 வழி, மூன்று 4 வழி, நான்கு 3 வழி, ஐந்து 2 வழி, ஆறும் பன்னிரண்டும் ஒவ்வொரு வழி. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம் அல்லவா? அந்த நான்கும் சேர்ந்தால் 16ல் 6, அதாவது 37.5 சதவீதம். நம் பாட்டிமார் விரலால் உணர்ந்திருந்த கணக்கு இது. மறுபடி கட்டை கைக்கு வரும்போது உட்கார்ந்திருப்பவர் முதுகு நிமிர்வதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தமிழில் ஒரு கேம் என்றால் நான் இதிலிருந்துதான் தொடங்குவேன்.

இருபதுமுகம்

அருமையான யோசனை. ஒரு இடத்தில் மட்டும் கவனம் தேவை. பன்னிரண்டைச் சுழி என்றே எடுத்துக்கொண்டால் எண்கள் 0 முதல் 6 வரை. 4 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி என்று வைத்தால் 16ல் 6. ஒன்று கூட்டினால் 16ல் 10. ஒரே ஒரு கூட்டல் 37.5லிருந்து 62.5க்குத் தூக்குகிறது, 25 சதவீதப் பாய்ச்சல். இருபதுமுகப் பகடையில் ஐந்து கூட்டியதற்குச் சமம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி படிப்படியாகக் கூட்டல் ஏறும் கேமுக்கு இது தாங்காது.

எட்டாங்கட்டம்

அதனால்தான் கூட்டலையே வைக்கவில்லை. என் வரைவில் திறமை இருந்தால் எண் ஏறாது, மறு உருட்டு கிடைக்கும். வேட்டைக்காரி காட்டில் கட்டையை ஒருமுறை எடுத்து மீண்டும் போடலாம். எண்களுக்கும் பெரியது சிறியது கிடையாது. இரண்டு, மூன்று, நான்கு விழுந்தால் நினைத்தது நடக்கும், அவ்வளவே. தாயம் என்றால் புது ஆளோ புது வழியோ கதைக்குள் வரும். ஐந்தும் ஆறும் எதிரிக்கு ஆதாயம். பன்னிரண்டு என்றால் ஊரே பேசும்படி ஏதோ நடக்க வேண்டும், அது என்ன என்று உருட்டியவரே சொல்ல வேண்டும். மூன்று முறை வீட்டில் ஆடிப் பார்த்தோம். ஐந்தும் ஆறும் கெட்டது என்பதைத் தாயம் ஆடிப் பழகிய அம்மாவால் ஏற்கவே முடியவில்லை, அதை மாற்றப் போகிறேன்.

ஏட்டுச்சுவடி

உரிமம் பற்றிக் கேட்டதற்கு நான் சொல்கிறேன். சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன், இதைத் தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் வந்தது.

ஒரு விதியின் கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. "இருபதுமுகப் பகடை உருட்டி, திறனைக் கூட்டு" என்பதை யாரும் பயன்படுத்தலாம். அதை எழுதியிருக்கும் வாசகம், பெயர்கள், ஓவியம், அந்த உலகத்தின் கதை, இவற்றுக்கு உரிமை உண்டு. அதனால் அடுத்தவர் வாசகத்தை அப்படியே எடுக்க அனுமதி வேண்டும். அனுமதி ஏற்கெனவே கொடுத்து வைத்திருக்கும் ஆவணங்களுக்கு எஸ்ஆர்டி (சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாக்குமென்ட்) என்று பெயர்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் எஸ்ஆர்டி பல வருடமாக ஓஜிஎல் (ஓபன் கேம் லைசென்ஸ்) என்ற உரிமத்தில் இருந்தது. அது 2000ல் வந்தது. 2023 ஜனவரியில் கேமை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் அந்த உரிமத்தை மாற்றப் போகிறது என்று காட்டும் வரைவு வெளியே கசிந்தது. உலகம் முழுக்கச் சின்னச் சின்னப் பதிப்பாளர்களும் ஆடுபவர்களும் கொதித்துப் போனார்கள். அதே மாதம் 27ஆம் தேதி நிறுவனம் பின்வாங்கி, எஸ்ஆர்டி 5.1 முழுவதையும் கிரியேட்டிவ் காமன்ஸ் சிசி-பை 4.0 உரிமத்தில் விட்டது. 2025ல் வந்த 5.2வும் அதே உரிமத்தில்தான். இந்த உரிமத்தைக் கொடுத்தவர் திரும்பப் பெற முடியாது. பெயர் போட்டு, உரிமத்தைக் குறிப்பிட்டு, மாற்றியிருந்தால் மாற்றினேன் என்று சொல்லிவிட்டால் விற்கலாம், திருத்தலாம், மொழிபெயர்க்கலாம். இந்தக் கடைசிச் சொல்லை நம்மில் பலர் இன்னும் கவனிக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம். யாரிடமும் கடிதம் எழுதிக் கேட்காமல் அந்த விதிகளை முழுக்கத் தமிழில் கொண்டுவரச் சட்டப்படி தடை ஏதும் இல்லை.

ஜான் ஹார்ப்பரின் 'பிளேட்ஸ் இன் த டார்க்' எஸ்ஆர்டியும் 'ஃபேட் கோர்' விதிகளும் இதே வகைதான், பெயர் போட்டால் போதும். செவ்வரளி சொன்ன கெய்ர்ன் மட்டும் சிசி-பை-எஸ்ஏ. அதிலிருந்து வாசகம் எடுத்துக் கேம் செய்தால் உங்கள் கேமையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். கெட்டது இல்லை, ஆனால் தெரிந்து செய்ய வேண்டும்.

தமிழில் பக்கம் கட்டுவதில் ஒரு எச்சரிக்கை. ஸ்கிரைபஸ் இலவச மென்பொருள். பழைய 1.4 பதிப்பில் 'கொ' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறும். 1.5.3 முதல் சரியாக வருகிறது, அதனால் 1.6ஐப் போட்டுக்கொள்ளுங்கள். இன்டிசைன் வைத்திருப்பவர்கள் 'வேர்ல்ட் ரெடி' கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், தலைப்புக்குப் பலூ தம்பி, எல்லாம் திறந்த உரிமம். சின்னச் சின்னக் குறிப்படங்களுக்கு கேம்-ஐகான்ஸ் தளம், வரைந்தவர் பெயரைப் போட்டால் போதும். வெளியிட இட்ச்.ஐஓ. விலையை நாமே வைக்கலாம், இலவசமாகவும் போடலாம்.

செவ்வரளி

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. ஆட்டம் தொடங்கும் முன் 'செஷன் ஜீரோ' என்று ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்கள். ரான் எட்வர்ட்ஸ் சொன்ன 'கோடும் திரையும்' அதற்குப் போதும். கோடு என்றால் இந்த விஷயம் நம் கதையில் வரவே கூடாது. திரை என்றால் நடக்கலாம், ஆனால் விவரிக்க வேண்டாம், திரை விழட்டும். நடுவில் யாருக்காவது தாங்கவில்லை என்றால் தொடுவதற்கு மேசை நடுவில் ஒரு அட்டை. அதை ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் 'எக்ஸ் கார்ட்' என்று எழுதி வைத்திருக்கிறார். காரணம் கேட்கக் கூடாது, அதுதான் அதன் பலம்.

ஒருமுறை என் கதையில் கிணற்றில் விழுந்த குழந்தை வந்தது. எதிரே இருந்த தம்பி எழுந்து பால்கனிக்குப் போனான். அவன் வீட்டில் நடந்தது எனக்குத் தெரியாது. முன்பே ஒரு காகிதத்தில் கேட்டிருந்தால் அந்தக் கிணற்றை எழுதியிருக்கவே மாட்டேன். அதன்பிறகு கேட்காமல் தொடங்கியதில்லை.

மழைமேசை

ஞாயிறு முடிந்தது, சொல்லாமல் தூங்க முடியவில்லை.

இந்த முறை மொத்தம் இரண்டு பக்கம்தான் எழுதினேன். ஒரு பக்கம் ஆட்கள், ஒரு பக்கம் பத்து ரகசியம். கடிதத்தை எடுக்கவில்லை, கட்டிலுக்கு அடியிலேயே விட்டேன். சாவியை யாரும் பார்க்கவில்லை. கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார்கள். வங்கியில் வேலை பார்க்கும் தோழர், நான் மை பற்றிச் சொல்லி முடிக்கும் முன்பே மேசையைத் தட்டிவிட்டார். "இது ஒரே நாளில் எழுதியது!" அப்புறம் பாட்டியையும் மாடு மேய்க்கும் பையனையும் தேடிப் போனார்கள். அப்படியென்றால் அன்று ராத்திரி செக்கை மனிதன் சுற்றியிருக்கிறான் என்று "வேறு ஊருக்குப் போகலாமா" கேட்டவளே கண்டுபிடித்தாள். எதற்குச் சுற்றினான் என்று என்னைக் கேட்டாள். எனக்கே தெரியாது. "நீ என்ன நினைக்கிறாய்?" என்றேன். "சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்பதற்கு" என்றாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அதையே உண்மையாக எடுத்துக்கொண்டேன்.

ஏட்டுச்சுவடி ஐயா, எஸ்ஆர்டியில் முதல் பத்துப் பக்கத்தைத் தமிழில் எழுதத் தொடங்கிவிட்டேன். சொற்களில் மாட்டிக்கொண்டேன். அட்வான்டேஜ் சாதகம், டிஸ்அட்வான்டேஜ் பாதகம், இது எளிதாக வந்தது. ஆர்மர் கிளாஸுக்குக் கவசம். எவ்வளவு அடி தாங்கலாம் என்று காட்டும் ஹிட் பாயிண்டுக்கும், ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் சேவிங் த்ரோவுக்கும் அகராதியில் தேடிய சொல் எதையும் மேசையில் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

ஏட்டுச்சுவடி

மேசையில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தீர்களே, அதுதான் சரியான சோதனை. ஹிட் பாயிண்டுக்குத் 'தெம்பு' வைத்துப் பாருங்கள். "எவ்வளவு தெம்பு மிச்சம்?" என்று யாரும் கேட்பார்கள். 'உயிர்' வேண்டாம். மூன்று உயிர், நான்கு உயிர் என்று வீடியோ கேமில் வேறு அர்த்தத்தில் பழகிவிட்டது.

கொல்லிச்சாரல்

சேவிங் த்ரோவுக்கு எங்கள் மேசையில் 'தாக்குப்பிடி' என்று சொல்கிறோம். "விஷம் ஏறுகிறது, தாக்குப்பிடி போடு."

மழைமேசை

தெம்பு, தாக்குப்பிடி. இரண்டையும் எடுத்துக்கொண்டேன். பத்துப் பக்கத்தையும் வெள்ளிக்கிழமை இங்கே போடுகிறேன். எட்டாங்கட்டம், உங்கள் கட்டை வரைவையும் கூடவே போடுங்கள். அடுத்த மாதம் எங்கள் மேசையில் அதை ஆடிப் பார்க்கிறோம், அம்மாவின் ஆட்சேபத்தோடு சேர்த்தே.